அந்த ஒரு காகிதம்: வீட்டுச் சாமான் ஏற்றிச் செல்பவர்களின் சரித்திரம்

சென்ற மாதம் ஒரு சனிக்கிழமை மாலை நம் குடியிருப்பின் வாசலில் ஒரு லாரி மூன்று மணி நேரம் நின்றது பலருக்கும் நினைவிருக்கும். புதிதாகக் குடிவந்த குடும்பத்தின் சாமான்கள் அதில் இருந்தன. பேசிய தொகைக்கு மேல் பதினைந்தாயிரம் கொடுத்தால்தான் இறக்குவோம் என்று லாரியில் வந்தவர்கள் அடம் பிடித்தார்கள். அந்த வீட்டுப் பாட்டி செக்யூரிட்டி அறை நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். அவருடைய இரவு மாத்திரை லாரிக்குள் ஏதோ ஒரு பெட்டியில் இருந்தது. கடைசியில் பணத்தைக் கொடுத்துத்தான் இறக்கினார்கள்.

மறுநாள் காலை நடைப்பயிற்சியில் நண்பர்கள் என்னைப் பிடித்துக்கொண்டார்கள். "சார், நீங்க பேங்க்ல இருந்தவங்க. நம்பகமான பேக்கர்ஸ் அண்ட் மூவர்ஸ் பேர் ஒண்ணு சொல்லுங்க" என்றார்கள். பேர் சொல்ல எனக்குத் தைரியம் இல்லை. இன்று நன்றாக இருக்கும் கம்பெனி நாளை எப்படி இருக்கும் என்று யார் கண்டது? ஆனால் யாரை நம்பலாம் என்ற இந்தக் கேள்வி மிகப் பழையது. அதற்கு ஒரு சரித்திரம் உண்டு. அந்தச் சரித்திரத்தின் ஒரு சிறு பகுதியில் நானும் முப்பத்து மூன்று வருடம் குமாஸ்தாவாக உட்கார்ந்திருந்தேன். அதைச் சொன்னால், நல்ல கம்பெனியை நீங்களே அடையாளம் கண்டுகொள்வீர்கள்.

உப்பு வண்டியும் மாற்று அச்சும்

நம் ஊரில் தூர தேசத்துக்குச் சரக்கு ஏற்றிச் சென்றவர்களில் மிகப் பழையவர்கள் உமணர்கள். கடற்கரை உப்பை மாட்டு வண்டிகளில் ஏற்றி, மேடும் பள்ளமும் கடந்து உள்நாட்டுக்குக் கொண்டுபோனவர்கள். புறநானூற்றில் ஔவையார் பாடிய ஒரு பாட்டில் இவர்கள் வருகிறார்கள். வழியில் என்ன ஆகுமோ என்று, வண்டியின் அடியில் ஒரு மாற்று அச்சையும் கட்டிக்கொண்டு போவார்களாம். நம்பகமான வண்டிக்காரர் எப்படி இருப்பார் என்பதற்கு இதைவிட நல்ல அடையாளம் எனக்குத் தெரியவில்லை. அவர் விபத்தே நடக்காது என்று சத்தியம் செய்வதில்லை. நடந்தால் என்ன செய்வது என்று கிளம்பும் முன்பே யோசித்து வைத்திருக்கிறார்.

ஆனால் உமணர் ஏற்றியது அவருடைய சொந்தச் சரக்கு. உப்பு கரைந்தால் நஷ்டம் அவருக்குத்தான். அடுத்தவர் பொருளைக் கூலிக்கு ஏற்றும்போதுதான் சிக்கல் ஆரம்பிக்கிறது. பொருள் ஒருவருடையது, அது இருப்பது இன்னொருவர் கையில். வழியில் என்ன நடந்தது என்பது ஏற்றிச் சென்றவருக்கு மட்டுமே தெரியும். இந்தச் சிக்கலுக்கு இன்று நம் நாட்டில் உள்ள சட்டத்தின் வேர் லண்டனில் இருக்கிறது.

ஒரு பிராந்திப் பீப்பாய் வழக்கு

1703-ல் லண்டனில் ஒரு வழக்கு தீர்ப்பானது. காக்ஸ் என்பவருக்குச் சில பிராந்திப் பீப்பாய்களை ஒரு நிலவறையிலிருந்து ஊருக்குள்ளேயே இன்னொரு நிலவறைக்கு மாற்ற வேண்டியிருந்தது. பெர்னார்ட் என்பவர், நான் பத்திரமாகக் கொண்டுபோய் வைக்கிறேன் என்று ஏற்றுக்கொண்டார். கூலி எதுவும் பேசவில்லை. கவனக்குறைவால் ஒரு பீப்பாய் உடைந்து பிராந்தி கொட்டிப்போனது. "கூலியே வாங்காதவன் மேல் வழக்கா?" என்பது பெர்னார்ட் தரப்பு. பொருளைப் பொறுப்பேற்றுக் கையில் வாங்கிய பிறகு கவனக்குறைவுக்குப் பதில் சொல்லியே ஆகவேண்டும் என்றது நீதிமன்றம்.

அந்தத் தீர்ப்பில் தலைமை நீதிபதி ஜான் ஹோல்ட் இன்னொன்றையும் விளக்கினார். எல்லோருக்கும் கூலிக்குச் சரக்கு ஏற்றுவதையே தொழிலாக வைத்திருப்பவருடைய பொறுப்பு இன்னும் கடுமையானது. கடவுள் செயலும் அரசரின் எதிரிகள் செயலும் தவிர, வேறு எப்படி நஷ்டம் வந்தாலும் அவர்தான் ஈடுகட்ட வேண்டும். ஏன் இவ்வளவு கடுமை? வண்டிக்காரர் திருடர்களோடு கூட்டுச் சேர்ந்துகொண்டு, வழியில் பறிகொடுத்துவிட்டேன் என்று சொன்னால் பொருளுக்குச் சொந்தக்காரர் எப்படிக் கண்டுபிடிப்பார்? நிரூபிக்க முடியாத இடத்தில் நிற்பவரைக் காப்பாற்றவே இந்த விதி.

1785-ல் ஒரு வண்டிக்காரர் ஏற்றிய சரக்கு தீயில் எரிந்தது. தீ வேறொருவர் இடத்தில் ஆரம்பித்தது, வண்டிக்காரர் மேல் தவறே இல்லை. ஆனாலும் அவர் ஈடுகட்ட வேண்டும் என்றார் நீதிபதி லார்ட் மான்ஸ்பீல்டு. சரக்கு ஏற்றுபவர் ஒரு வகையில் இன்ஷூரன்ஸ் கொடுப்பவர் மாதிரி என்பது அவர் கருத்து. அந்தக் காலத்தில் தனியாக டிரான்சிட் இன்ஷூரன்ஸ் கேட்க வேண்டிய அவசியம் குறைவு. வண்டிக்காரரே இன்ஷூரன்ஸ்!

பொறுப்பு நம் பக்கம் நகர்ந்த கதை

இதை வண்டிக்காரர்கள் சும்மா விடுவார்களா? இவ்வளவு மதிப்புக்கு மேல் நாங்கள் பொறுப்பல்ல என்று அலுவலகச் சுவரில் அறிவிப்பு ஒட்ட ஆரம்பித்தார்கள். வாடிக்கையாளர் அதைப் படித்தாரா இல்லையா என்று வழக்குக்கு மேல் வழக்கு. 1830-ல் பிரிட்டிஷ் பாராளுமன்றம் ஒரு சட்டம் போட்டு இதை முடித்தது. சுவர் அறிவிப்பு செல்லாது. ஆனால் நகை, கடிகாரம், கண்ணாடி, பட்டு போன்ற விலை உயர்ந்த பொருள்கள் பத்து பவுண்டுக்கு மேல் இருந்தால், அனுப்புபவர் முன்கூட்டியே மதிப்பைச் சொல்லியாக வேண்டும். சொல்லாவிட்டால் நஷ்டஈடு கிடையாது.

அதே அச்சில் 1865-ல் இந்தியாவுக்குக் கேரியர்ஸ் சட்டம் வந்தது. இங்கே பத்து பவுண்டுக்குப் பதில் நூறு ரூபாய். மற்றச் சாமான்களுக்கு, பொருளின் சொந்தக்காரர் கையெழுத்திட்ட தனி ஒப்பந்தம் மூலம் வண்டிக்காரர் தன் பொறுப்பைக் குறைத்துக்கொள்ளலாம். ஆனால் அவருடைய ஆட்களின் கவனக்குறைவாலோ திருட்டாலோ வந்த நஷ்டத்திலிருந்து தப்ப முடியாது. வழக்குப் போட்டால், வண்டிக்காரர் கவனக்குறைவாக இருந்தார் என்று நாம் நிரூபிக்க வேண்டியதும் இல்லை. 1891-ல் பர்மாவின் ஐராவதி ஆற்றுக் கப்பல் கம்பெனி மீதான வழக்கு லண்டன் பிரிவி கவுன்சில் வரை போனது. 1872 ஒப்பந்தச் சட்டம் வந்த பிறகும் சரக்கு ஏற்றுபவரின் கடுமையான பொறுப்பு அப்படியே இருக்கிறது என்று அதில் தீர்ப்பானது.

ரயில்வே வேறு வழியில் போயிற்று. 1856-ல் ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை ரயில் ஓடத் தொடங்கியது தெரிந்த கதை. 1890 ரயில்வே சட்டப்படி, சரக்கை ஒரு சாதாரண மனிதர் தன் பொருளைப் பார்த்துக்கொள்ளும் அளவு பார்த்துக்கொண்டால் ரயில்வேக்குப் போதும். 'ஓனர்ஸ் ரிஸ்க்' என்று ஒரு குறைந்த கட்டணமும் இருந்தது. 1962 ஜனவரி 1 முதல்தான் ரயில்வேக்கும் கடுமையான பொறுப்பு வந்தது. 'ஓனர்ஸ் ரிஸ்க்' என்ற அந்த இரண்டு சொற்கள் மட்டும் போகவில்லை. இன்றைக்கும் பல பேக்கர்ஸ் பில்லின் அடியில் பொடி எழுத்தில் அவை இருக்கின்றன. அடுத்த முறை தேடிப் பாருங்கள்.

வங்கிக்குள் வந்த லாரி

இனி என் கதை. கரூரில் எங்கள் கிளையில் பில்ஸ் செக்‌ஷனில் பல வருடம் இருந்தேன். அங்கே ஜவுளிதான் தொழில். ஒரு வியாபாரி டெல்லிக்குப் பெட்ஷீட் மூட்டைகளை லாரி ஆபீசில் போடுவார். அவர்கள் ஒரு ரசீது கொடுப்பார்கள். லாரி ரசீது, சுருக்கமாக எல்.ஆர். அதில் சரக்கைப் பெறுபவர் என்ற இடத்தில் எங்கள் வங்கியின் பெயர் இருக்கும். வியாபாரி அந்த எல்.ஆரையும் இன்வாய்ஸையும் உண்டியலையும் இணைத்து எங்களிடம் கொடுத்தால், சரக்கு டெல்லி போய்ச் சேரும் முன்பே அவருக்குப் பணம் கொடுத்துவிடுவோம். டெல்லியில் வாங்குபவர் அங்குள்ள எங்கள் கிளையில் பணம் கட்டி, எல்.ஆரை எங்கள் கையெழுத்தோடு வாங்கிக்கொண்டு போய்ச் சரக்கை எடுப்பார்.

யோசித்துப் பாருங்கள். வங்கி சரக்கைக் கண்ணால் பார்த்ததே இல்லை. ஒரு காகிதத்தை நம்பி லட்சக்கணக்கில் கொடுக்கிறது. சரக்கே ஏற்றாமல் யாராவது எல்.ஆர். கொடுத்தால்? எல்.ஆர். இல்லாமலே டெல்லி லாரி ஆபீஸ் சரக்கைக் கொடுத்துவிட்டால்? வங்கியின் கையில் வெறும் தாள்தான் மிஞ்சும்.

இதற்காகத்தான் இந்திய வங்கிகள் சங்கம், அதாவது ஐ.பி.ஏ., லாரிப் போக்குவரத்து நிறுவனங்களைப் பரிசீலித்து ஒரு பட்டியல் வைத்திருக்கிறது. இது 1946-ல் வங்கிகள் சேர்ந்து அமைத்த சங்கம். அரசு இலாகா கிடையாது. பட்டியலில் உள்ள நிறுவனத்தின் எல்.ஆரை வைத்துப் பணம் கொடுக்கலாம் என்பதுதான் அதன் நோக்கம். உங்கள் பீரோவில் கீறல் விழாமல் கொண்டுவருவார்கள் என்பதற்கான சான்றிதழாக அதை யாரும் தயாரிக்கவில்லை. இடமாற்றல் ஆகும் வங்கி ஊழியர்கள் சாமான் செலவை வாங்க ஐ.பி.ஏ. பட்டியல் நிறுவனத்தின் பில் கேட்கப்படுவதால், 'ஐ.பி.ஏ. அப்ரூவ்டு' என்பது வீடு மாற்றும் தொழிலில் ஒரு பெரிய விளம்பரமாகிவிட்டது. அதனாலேயே பட்டியலில் இல்லாதவர்களும் லெட்டர்ஹெட்டில் அச்சடித்துக்கொள்கிறார்கள்.

எல்.ஆர். வந்தால் நான் பார்க்கும் வரிசை இன்னும் மறக்கவில்லை. அச்சிட்ட வரிசை எண், தேதி, லாரி நம்பர், மூட்டை எண்ணிக்கை, சரக்கின் மதிப்பு, வாடகை கட்டியாயிற்றா கட்ட வேண்டுமா, ஐ.பி.ஏ. எண். ஒன்று விட்டுப்போனாலும் திருப்பி அனுப்பிவிடுவேன். "இவர்கிட்ட பில் பாஸ் ஆகிறது எமன்கிட்ட உயிர் திரும்பி வாங்கற மாதிரி" என்று வியாபாரிகள் சொல்வார்கள்.

எமனே ஏமாந்த கதை

2019-ல் ஓய்வுக்குப் பிறகு கரூர் வீட்டைக் காலி செய்துகொண்டு இங்கே வந்தோம். மூன்று கம்பெனிகளிடம் கேட்டேன். 34,000, 31,000, 22,500 என்று சொன்னார்கள். பி.காம். படித்த மூளை எதைத் தேர்ந்தெடுத்திருக்கும் என்று நீங்களே ஊகிக்கலாம். அந்தக் கம்பெனியிலிருந்து யாரும் வீட்டுக்கு வந்து சாமானைப் பார்க்கவில்லை. போனிலேயே கேட்டுக்கொண்டார்கள். கொட்டேஷனில் 'ஐ.பி.ஏ. அப்ரூவ்டு' என்று இருந்தது. எண் இல்லை. நான் கேட்கவும் இல்லை. ஏற்றி முடித்ததும் "எல்.ஆர். எங்கே தம்பி?" என்றேன். "ஆபீஸ்ல இருந்து வாட்ஸ்அப்ல வரும் சார்" என்றார் பையன். மழை தூறிக்கொண்டிருந்தது, போகட்டும் என்று விட்டுவிட்டேன்.

இரண்டாம் நாள் இங்கே வந்தது வேறு லாரி. வழியில் எங்கோ ஒரு கிடங்கில் இறக்கி, பிறர் சாமான்களோடு சேர்த்து ஏற்றியிருக்கிறார்கள். சாமான் அதிகம், மாடி உயரம் என்று பதினாலாயிரம் கேட்டார்கள். பேரம் பேசி ஒன்பதாயிரம் கொடுத்தேன். ஆக, மலிவு என்று எடுத்தது 31,500 ஆயிற்று. நடுவில் இருந்த கொட்டேஷனைவிட அதிகம்.

அது போகட்டும். இரண்டு பெட்டிகள் வரவில்லை. ஒன்றில் என் மாமியாரின் வெண்கல உருளியும் பித்தளைப் பாத்திரங்களும். இன்னொன்றில் எங்கள் கல்யாண ஆல்பம். கம்பெனிக்கு போன் செய்தால் பெட்டி எத்தனை என்று கேட்டார்கள். எனக்குத் தெரியவில்லை, எண்ணவில்லை. எந்த லாரியில் ஏற்றினார்கள்? நம்பர் குறிக்கவில்லை. ஒரு வாரத்தில் அந்த போனும் அடங்கிப்போனது. வக்கீல் நண்பர் ஒருவரிடம் போனேன். "என்ன காகிதம் வச்சிருக்கே?" என்றார். செல்போனில் ஒரு கொட்டேஷன் படம் மட்டும் இருந்தது.

அன்று இரவு என் மனைவி சொன்னது: "ஊரார் லாரிக்கெல்லாம் ரசீது பார்த்தீங்க. நம்ம வீட்டு லாரிக்குப் பார்க்கலையே." பதில் சொல்ல வாய் வரவில்லை. உருளி போனால் வேறு உருளி வாங்கலாம். அந்த ஆல்பத்தில் என் அப்பாவின் சிரித்த முகம் உள்ள ஒரே படம் இருந்தது.

இன்றைய சட்டம் என்ன சொல்கிறது

1865 சட்டம் ஏறக்குறைய ஒன்றரை நூற்றாண்டு ஓடியது. அதன் இடத்துக்கு 2007-ல் சாலைவழிச் சரக்குப் போக்குவரத்துச் சட்டம் நிறைவேறி, 2011 மார்ச் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. அதில் நமக்கு வேண்டியவை சில.

எல்லோருக்கும் கூலிக்குச் சரக்கு ஏற்றும் நிறுவனம் பதிவு செய்திருக்க வேண்டும். அனுப்புபவர் சரக்கின் விவரமும் மதிப்பும் எழுதிக் கொடுக்க வேண்டும். நிறுவனம் சரக்கு ரசீது கொடுக்க வேண்டும். வழக்கில் கவனக்குறைவை நாம் நிரூபிக்க வேண்டியதில்லை என்ற பழைய பாதுகாப்பு தொடர்கிறது. பழைய சட்டக் காலத்திலேயே, 2000-ல், கிடங்குத் தீயில் சரக்கு எரிந்த ஒரு வழக்கில், நுகர்வோர் மன்றத்திலும் இந்தப் பாதுகாப்பு உண்டு என்று உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது.

ஆனால் நஷ்டஈட்டுக்கு இப்போது ஓர் உச்சவரம்பு இருக்கிறது. கூடுதல் இடர்க் கட்டணம் கட்டி அதிக மதிப்புக்கு ஒப்புக்கொண்டால் ஒழிய, சரக்கு வாடகையைப் போல் பத்து மடங்குதான். அதுவும் நாம் எழுதிக் கொடுத்த மதிப்பைத் தாண்டாது. வாடகை 7,000 என்றால் வரம்பு 70,000. ஆகவே பில்லில் பேக்கிங், ஆள் கூலி, வாடகை என்று எது எவ்வளவு என்று தனித்தனியாகப் பாருங்கள். சாமான் போனால் அல்லது உடைந்தால், புக் செய்த தேதியிலிருந்து 180 நாளுக்குள் எழுத்து மூலம் நோட்டீஸ் கொடுக்க வேண்டும். இல்லாவிட்டால் வழக்குப் போட முடியாது.

முந்நூறு வருடத்துச் சரித்திரத்தை ஒரு வரியில் சொன்னால் இதுதான்: ஒரு காலத்தில் வண்டிக்காரரே எல்லாவற்றுக்கும் பொறுப்பு. கொஞ்சம் கொஞ்சமாக, மதிப்பைச் சொல்வதும் காகிதத்தைக் கேட்டு வாங்குவதும் நம் வேலையாகிவிட்டது. கேட்டவருக்குச் சட்டம் துணை நிற்கிறது. கேட்காதவர் என்னைப் போல் நிற்க வேண்டியதுதான்.

கம்பெனியைத் தேர்ந்தெடுக்கும்போது

என் பில்ஸ் செக்‌ஷன் வரிசையை வீட்டுக்கு ஏற்றபடி மாற்றி எழுதியிருக்கிறேன்.

1. வீட்டுக்கு வந்து சாமானைப் பார்த்து, எழுத்தில் தொகை கொடுப்பவரிடம் மட்டும் பேசுங்கள். மாடி, லிஃப்ட், லாரி நிற்கும் தூரம் எல்லாம் அதில் வரட்டும். பிறகு 'மாடி உயரம்' என்று பேச இடம் இருக்காது.

2. லாரி யாருடையது என்று கேளுங்கள். பல பேர் புக்கிங் மட்டும் வாங்கி வேறொருவர் கையில் கொடுத்துவிடுகிறார்கள். ரசீது யார் பெயரில் வரும், 2007 சட்டத்தின் கீழ் அவர்களுடைய பதிவு எண் என்ன, சாமான் வழியில் லாரி மாறுமா என்ற மூன்றுக்கும் தெளிவான பதில் வரவேண்டும்.

3. 'ஐ.பி.ஏ.' என்று சொன்னால், ஐ.பி.ஏ. வெளியிடும் பட்டியலில் அதே பெயர், அதே முகவரி, இன்னும் செல்லுபடியாகும் காலம் இருக்கிறதா என்று பாருங்கள். ஒரே மாதிரிப் பெயர்கள் நிறைய.

4. ஒவ்வொரு பெட்டிக்கும் எண் போடுங்கள். உள்ளே என்ன, என்ன நிலையில், என்ன மதிப்பு என்று இரண்டு பிரதி பட்டியல் எழுதி, ஏற்றுபவரிடம் கையெழுத்து வாங்குங்கள். நகை, பணம், பத்திரம், மாத்திரை, புகைப்பட ஆல்பம் ஆகியவை உங்கள் கையோடு வரட்டும்.

5. இன்ஷூரன்ஸுக்கு மூன்று சதவீதம் என்று பில்லில் சேர்த்தால், இன்ஷூரன்ஸ் கம்பெனியின் பாலிசி நகலைக் கேளுங்கள். பாலிசி இல்லாவிட்டால் அது இன்ஷூரன்ஸே இல்லை.

6. ஜி.எஸ்.டி. வந்த பிறகு சரக்குக்கு இ-வே பில் உண்டு. உபயோகித்த வீட்டுச் சாமானுக்கு அதில் விலக்கு இருக்கிறது. அதன் பெயரில் வழியில் பணம் கேட்டால் கொடுக்க வேண்டாம்.

7. பணத்தைக் கம்பெனி கணக்கில் மட்டும் போடுங்கள். ஒரு பகுதியை இறக்கி எண்ணிய பிறகு கொடுப்பது என்று முதலிலேயே எழுதிக்கொள்ளுங்கள்.

8. எல்.ஆர். கையில் வராமல் லாரி நகரக்கூடாது. மழை தூறினாலும்.

9. இறக்கியதும் எண்ணுங்கள். குறைவோ உடைசலோ இருந்தால் டெலிவரி ரசீதில் எழுதிவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள், படம் எடுங்கள். தீராவிட்டால் 180 நாள் நோட்டீஸ். 2019 நுகர்வோர் சட்டப்படி நாம் வசிக்கும் மாவட்டத்திலேயே புகார் கொடுக்கலாம்.

செயற்குழுவுக்கும் இரண்டு கோரிக்கைகள். சாமான் லாரி உள்ளே வரும்போதும் வெளியே போகும்போதும் லாரி நம்பரோடு எல்.ஆர். எண்ணையும் செக்யூரிட்டி பதிவேட்டில் எழுத ஒரு கட்டம் போடலாம். "எல்.ஆர். எங்கே?" என்று வாசலிலேயே ஒருவர் கேட்டால், மறந்தவருக்கும் நினைவு வரும். இரண்டாவது, சங்க அலுவலகத்தில் ஒரு நோட்டு வைக்கலாம். வீடு மாறியவர்கள் கம்பெனி பெயர், பேசிய தொகை, கடைசியில் கொடுத்த தொகை, சாமான் முழுதும் வந்ததா என்று நாலு வரி எழுதட்டும். அடுத்து மாறுபவர் விளம்பரத்தைப் பார்ப்பதற்கு முன் அந்த நோட்டைப் பார்க்கட்டும். முதல் பக்கத்தில் எழுத நான் தயார். என்ன எழுதுவேன் என்று இப்போது உங்களுக்குத் தெரியும்.

அந்தப் பாட்டி இப்போது 'சி' பிளாக்கில் நன்றாக இருக்கிறார். மாத்திரை நான்காவது பெட்டியில் கிடைத்ததாம். வீடு மாற்றப் போகிறவர்கள் யாராவது எல்.ஆரை எப்படிப் படிப்பது என்று கேட்க விரும்பினால், காலை ஏழு மணிக்குப் பூங்கா பெஞ்சில்தான் இருப்பேன். காகிதத்தைக் கொண்டுவாருங்கள், கண்ணாடி என்னிடம் இருக்கிறது.